மீன் குஞ்சு ஏற்றி வரும்போது

பண்ணைக்குட்டையில் விட கட்லா, ரோகு குஞ்சு வாங்கப் போகிறீர்களா? முந்தைய நாளே குஞ்சு விற்பவருக்குப் போன் செய்து, தீவனத்தை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். வயிறு நிறைந்த குஞ்சு பைக்குள் கழிக்கும், தண்ணீரில் அம்மோனியா ஏறும். அப்புறம் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தும் பயனில்லை. வழியில் சாவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன்.

பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போதும். உள்ளே இருக்கும் காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு, மீதி இடத்தில் ஆக்சிஜன் நிரப்ப வேண்டும். பையின் அடி மூலை இரண்டையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பொடிக் குஞ்சுகள் அந்த மூலையில் ஒதுங்கி நசுங்கித்தான் சாகும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை போட்டால் ஓட்டை பயமில்லை.

ஏசி வண்டியெல்லாம் வேண்டாம். ராத்திரி கிளம்பி விடியற்காலையில் வந்து சேருங்கள், பைகள் மேல் ஈரச் சாக்குப் போடுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரும் அதே வாரம் குஞ்சு விடுவதாக இருந்தால் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். விரல் நீளக் குஞ்சுக்குப் பை அதிகம் பிடிக்கும், செலவும் கூடும். ஆனாலும் நான் அதைத்தான் வாங்குவேன். பொடிக் குஞ்சு குட்டையில் பாதிகூடத் தேறாது.

வந்ததும் அவசரப்பட்டுக் கொட்டாதீர்கள். கட்டிய பையை 15, 20 நிமிடம் குட்டையில் மிதக்கவிடுங்கள். பிறகு பையைத் திறந்து, குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊற்றி, பையைச் சாய்த்துப் பிடியுங்கள். குஞ்சு தானாக நீந்திப் போகும்.