முதுமலைக்குப் போனால் காலை 6 மணிக்கே செக்போஸ்டைக் கடந்துவிடுங்கள்

முதுமலை, பந்திப்பூருக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், சஃபாரிக்குப் பணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். காலை 6 மணிக்குச் செக்போஸ்ட் திறந்ததும், முதுமலைக்குள் இருக்கும் தெப்பக்காட்டிலிருந்து, கர்நாடக எல்லையிலுள்ள கக்கநல்லா செக்போஸ்ட் வழியாக, பந்திப்பூர் காட்டுக்குள் குண்டலுப்பேட்டை பக்கம் சொந்தக் காரிலேயே மெதுவாகப் போங்கள்.

பந்திப்பூர் காட்டுக்குள் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை. ஒன்பது மணி நேரம் வண்டிச் சத்தம் அவ்வளவாக இல்லாததால் மான்கள் சாலையோரம் வரை வந்து மேயும். காட்டுத்தீ பரவாமலிருக்கப் புதர்களை வெட்டி வைத்திருப்பதால் கண்ணுக்கும் எட்டும். புள்ளிமானும் மயிலும் பெரும்பாலும் தப்பாது. யானையும் காட்டெருமையும் உங்கள் அதிர்ஷ்டம். எட்டு மணிக்கெல்லாம் லாரியும் பஸ்ஸும் வந்துவிடும், அப்புறம் குரங்குகள்தான் மிச்சம்.

வண்டியை நிறுத்தவோ இறங்கவோ கூடாது, அபராதம் உண்டு. அதனால் நின்று படம் எடுக்க வேண்டும், புலிதான் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிவராது; சஃபாரியே போங்கள். நீண்ட விடுமுறை நாட்களிலும் வேண்டாம், ஆறு மணிக்கே வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்.