தாய் சி: முதலில் கால், அப்புறம் கை

சீனத் தற்காப்புக் கலையான தாய் சியைக் கற்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு, அதில் தெரியும் கைகளைப் பார்த்துத் தங்கள் கைகளை அசைக்கத் தொடங்குகிறார்கள். கண்ணில் முதலில் படுவது கைதான், அதனால் இது இயல்புதான். ஆனால் தாய் சியின் வேலையில் பெரும்பகுதி இடுப்பிலும் அதற்குக் கீழேயும் நடக்கிறது. உடம்பின் பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எப்படிப் போகிறது என்பது பிடிபட்டுவிட்டால் கைகளைக் கற்பது எளிது. அது பிடிபடாமல் எத்தனை அசைவுகளை மனப்பாடம் செய்தாலும் பலன் குறைவு.

ஆகவே இந்த விளக்கத்தில் முதலில் நிற்போம், பிறகு பாரத்தை மாற்றுவோம், அப்புறம் நடப்போம். கைகள் கடைசியில்தான் வரும். அதுவும் மூன்றே அசைவுகள்.

எங்கிருந்து வந்தது

வூடாங் மலையில் வாழ்ந்த சாங் சன்ஃபெங் என்ற தாவோ துறவிதான் இதை உருவாக்கினார் என்று ஒரு கதை உண்டு. அழகான கதை, ஆனால் வரலாற்றுச் சான்று இல்லை. 1930களின் தொடக்கத்தில் தாங் ஹாவ் என்ற ஆய்வாளர் ஹெனான் மாகாணத்தில் உள்ள சென் குடும்பத்தாரின் கிராமமான சென்ஜியாகோவுக்கு நேரில் போய்த் தேடினார். 17ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த சென் வாங்டிங் என்ற முன்னாள் படைவீரரிடம்தான் இந்தக் கலையின் வேர் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். இன்று பலரும் ஏற்பது இதைத்தான்.

அந்தக் குடும்பத்துக்கு வெளியே கலையைக் கொண்டுபோனவர் யாங் லூசான் (1799–1872). ஹெபெய் மாகாணத்தின் யோங்நியனைச் சேர்ந்த இவர், சென் சாங்சிங்கிடம் பல ஆண்டுகள் கற்றுவிட்டுப் பீஜிங்கில் போய்ப் பயிற்றுவித்தார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ (1883–1936) குதிப்பது, காலை உதைத்து ஊன்றுவது போன்றவற்றை விலக்கி, எல்லா வயதினரும் செய்யக்கூடிய சீரான, விரிந்த வடிவத்தைப் பரப்பினார். பூங்காக்களில் நாம் பார்க்கும் மெதுவான தாய் சி பெரும்பாலும் அவர் வழி வந்தது. சென் பாணியில் இன்றும் திடீரென்று வெடிக்கும் வேகமான அடிகள் உண்டு. வூ, ஹாவ், சுன் என்று வேறு பாணிகளும் இருக்கின்றன.

பழைய யாங் பாணியின் அசைவு வரிசை நீளமானது. எண்ணும் முறையைப் பொறுத்து 85 அசைவுகள் என்பார்கள், 108 என்பார்கள். செய்து முடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகலாம். 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் அதிலிருந்து 24 அசைவுகளைத் தேர்ந்து ஒரு குறுகிய வரிசையை அமைத்தது. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். உலகில் எந்த ஊருக்குப் போனாலும் இதைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், தவறைத் திருத்தவும் ஆள் கிடைப்பார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தாய் சியை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தொடங்குவதற்கு முன்

வழுக்காத சமதளம் வேண்டும். நான்கு தப்படி முன்னும் பின்னும் போக இடம் இருந்தால் போதும், மொட்டை மாடி தாராளம். உடை தளர்வாக இருக்கட்டும். குதிகால் உயர்ந்த, தடித்த மெத்தை வைத்த ஓட்டக் காலணிகள் வேண்டாம், தரை காலுக்குத் தெரியாமல் போய்விடும். தட்டையான கேன்வாஸ் ஷூ நல்லது, வீட்டுக்குள் என்றால் வெறுங்கால். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். மூட்டு அறுவை சிகிச்சை ஆனவர்கள், அடிக்கடி தலை சுற்றுபவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு நாற்காலியையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 1: நிற்பது

பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, விரல்கள் நேராக முன்னே பார்க்க நில்லுங்கள். முழங்காலை மிகச் சிறிதளவு மடியுங்கள், பூட்டு விலகினால் போதும். பின்புறம் துருத்திக்கொள்ளாமல், உயரமான ஸ்டூலில் உட்காரப் போகிறவர் போல வால் எலும்பு கீழ்நோக்கி இறங்கட்டும். மோவாயைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் உச்சந்தலை தானே உயரும். தோள்களைத் தொங்க விடுங்கள். நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொட்டிருக்கட்டும். மூச்சு மூக்கு வழியாக, வயிறு மெல்ல உப்பி இறங்கும்படி.

இப்போது கவனத்தைப் பாதத்துக்குக் கொண்டுபோங்கள். பாரம் குதிகாலில் இருக்கிறதா, முன்பாதத்தில் இருக்கிறதா? பெரும்பாலோர் ஒரு பக்கமாகவே நிற்பார்கள். குதிகால், பெருவிரலின் அடி, சிறுவிரலின் அடி மூன்றிலும் பாரம் பரவும் இடத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். இரண்டு மூன்று நிமிடம் இப்படி நிற்பதே ஒரு பயிற்சி. சீனத்து ஆசான்கள் மாணவர்களை மாதக்கணக்கில் நிற்க வைத்தது தண்டனைக்காக இல்லை.

படி 2: பாரத்தை மாற்றுவது

யாங் செங்ஃபூ சொல்லச் சொல்ல அவருடைய மாணவர் சென் வெய்மிங் எழுதிவைத்த பத்துக் குறிப்புகள் இருக்கின்றன. அதில் ஒன்று, எந்தக் கால் நிறைந்திருக்கிறது, எந்தக் கால் காலியாக இருக்கிறது என்று பிரித்தறிவது. எதிரெதிரான இரண்டு ஒன்றையொன்று நிறைவு செய்யும் என்கிற யின், யாங் தத்துவம் உடம்பில் இறங்கும் இடம் இதுதான். புத்தகத்தில் படித்து யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல், காலே அதைச் சொல்லிக்கொடுக்கும்.

முதல் படியில் நின்ற அதே நிலையில், பாரத்தை மெதுவாக இடது காலுக்கு நகர்த்துங்கள், ஒரு குடத்துத் தண்ணீரைச் சிந்தாமல் இன்னொரு குடத்துக்குச் சாய்ப்பது போல. உடம்பு பக்கவாட்டில் சாயக் கூடாது, தலை ஒரே உயரத்தில் நகர வேண்டும். வலது கால் முழுக்கக் காலியானதும், அதன் குதிகாலை நோகாமல் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். தூக்கும்போது உடம்பு துளியும் ஆடவில்லை என்றால் பாரம் முழுதாக மாறிவிட்டது. ஆடினால் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் மிச்சம் இருக்கிறது. அப்புறம் அதே வேகத்தில் வலப்பக்கம் திரும்பி வாருங்கள். போக ஐந்தாறு விநாடி, வர ஐந்தாறு விநாடி.

முதல் வாரம் முழுக்க இதையும் முதல் படியையும் மட்டும் செய்தாலும் நஷ்டமில்லை. செய்யச் செய்யத் தொடை வலிக்கும், அது சரி. முழங்காலுக்குள் வலித்தால் சரியில்லை. அப்படி வலித்தால் மடிப்பைக் குறையுங்கள், முழங்கால் பாத விரல்கள் பார்க்கும் அதே திசையைப் பார்க்கிறதா என்று குனிந்து ஒருமுறை பாருங்கள். தாய் சியால் முழங்கால் கெட்டது என்று சொல்பவர்களில் பலருக்கு, பாதம் ஒரு பக்கமும் முழங்கால் ஒரு பக்கமுமாகத் திருகி நின்றதே காரணமாக இருக்கும்.

படி 3: நடை

குதிகால்களைச் சேர்த்து, விரல்களைச் சற்று விரித்து நில்லுங்கள். கைகள் இடுப்பில். பாரம் முழுவதையும் வலது காலுக்குக் கொண்டுபோய், முழங்காலை மடித்து இறங்குங்கள். இடது காலை முன்னே நீட்டி, குதிகாலை மட்டும் தரையில் வையுங்கள். இந்த நொடியில் அந்தக் காலில் பாரமே இருக்கக் கூடாது, வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். எடுத்துப் பாருங்கள், இதுதான் சோதனை.

எடுக்க முடிகிறது என்றால் திரும்ப வைத்து, பாதத்தை மெல்லப் பதித்து, பாரத்தை முன்னே கொண்டுவாருங்கள். முன் முழங்கால் மடியும், ஆனால் கால்விரல் நுனியைத் தாண்டாது. பின்கால் நீளும், ஆனால் விறைக்காது. பின் பாதம் சுமார் 45 டிகிரி வெளியே திரும்பியிருக்கும். இந்த நிலைக்கு வில் நிலை என்று பெயர். ஏறத்தாழ 70 சதவீதப் பாரம் முன்காலில் இருக்கும். இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. நடுவே தோள் அகலத்துக்கு இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் கயிற்றில் நிற்பது போல் தள்ளாடும்.

அடுத்த அடிக்கு, பாரத்தைச் சிறிது பின்னே எடுத்து, முன் பாதத்தின் நுனியை 45 டிகிரி வெளியே திருப்பிப் பதித்து, அதன்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றி, பின்காலை எடுத்து முன்னே வையுங்கள். பாரம் இருக்கும்போது பாதத்தைத் திருப்ப வேண்டாம், அது முழங்காலைத் திருகும். சுவரோரமாக நடந்தால் தடுமாறும்போது ஒரு கையை ஊன்றிக்கொள்ளலாம்.

படி 4: மூன்று அசைவுகள்

*தொடக்கம்.* சேர்த்து வைத்த பாதங்களில் இடது பாதத்தைத் தோள் அகலத்துக்கு எடுத்து வையுங்கள். கைகள் உள்ளங்கை கீழ்நோக்கி, மெல்ல முன்னே தோள் உயரத்துக்கு எழட்டும். தோள் எழக் கூடாது. பிறகு முழங்கால் மடிந்து உடம்பு இறங்க, அதனோடு சேர்ந்தே உள்ளங்கைகள் தொப்புள் உயரத்துக்கு இறங்கும். கையும் காலும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும்.

*காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரித்தல்.* பாரத்தை வலது காலுக்கு மாற்றி, இடது பாதத்தை அதன் அருகே இழுங்கள். வலது கை மார்புக்கு முன்னே மேலாக, இடது கை வயிற்றுக்கு முன்னே கீழாக, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும். இதற்குப் பந்து பிடித்தல் என்று பெயர். இடுப்பை இடப்பக்கம் திருப்பி, நடையில் கற்றது போலவே இடது குதிகாலை வையுங்கள். பாரம் முன்னே வர வர, இடது கை கண் உயரத்துக்கு முன்னேறும், உள்ளங்கை சாய்வாக மேலே பார்க்கும். வலது கை வலது இடுப்போரம் இறங்கி அமுக்கும். பிறகு நடையின் அடுத்த அடி, மறுபக்கப் பந்து, மறுபக்கம் பிரித்தல். வரிசையில் இது இடம், வலம், இடம் என்று மூன்று முறை வரும்.

கீழே அமுக்கும் கையைப் பலர் சும்மா தொங்கப் போட்டுவிடுகிறார்கள். இதன் போர்ப் பொருள் தெரிந்தால் அப்படிச் செய்ய மாட்டீர்கள். அந்தக் கை எதிராளியின் கையைக் கீழே இழுக்கிறது. மற்ற முன்கை அவர் அக்குளுக்குக் கீழே நுழைகிறது. எடுத்து வைத்த கால் அவர் காலுக்குப் பின்னால் நிற்கிறது. இடுப்பு திரும்பினால் அவர் பின்னே சரிவார். சண்டை போடும் எண்ணமே இல்லாதவருக்கும் இந்தப் பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கை ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது, கால் ஏன் அந்த நேரத்தில் பதிகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அங்கேதான் இருக்கிறது.

*மேகக் கைகள்.* வரிசையில் இது பத்தாவது. ஆனால் இரண்டாம் படியின் பாரமாற்றம் இதில் அப்படியே இருப்பதால் முன்கூட்டியே கற்கலாம். பாதங்களை இணையாக வைத்து நின்ற இடத்திலேயே செய்யுங்கள். இடது கை முகத்துக்கு முன்னே உள்ளங்கை தன்னைப் பார்க்க, வலது கை வயிற்றுக்கு முன்னே. இடுப்பு இடப்பக்கம் திரும்ப, பாரமும் இடது காலுக்குப் போகும். இடக்கோடியில் கைகள் இடம் மாறும், வலது கை முகத்துக்கு ஏறும், இடது கை வயிற்றுக்கு இறங்கும். பிறகு வலப்பக்கம். கைகள் தாமாகப் போகவில்லை, இடுப்பு திரும்புவதால் போகின்றன. மூக்கும் தொப்புளும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்று கவனித்தால் இது சரியாக வரும்.

முடிக்கும்போது கைகளை இறக்கி, பாதங்களைச் சேர்த்து, சற்று நேரம் சும்மா நில்லுங்கள். உடனே போனை எடுக்க வேண்டாம்.

உடம்புக்கு என்ன கிடைக்கும்

வயதானவர்கள் பெரும்பாலும் விழுவது பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் போகும் இடைவெளியில்தான், அதாவது திரும்பும்போது, படி இறங்கும்போது, எழுந்து முதல் அடி வைக்கும்போது. மேலே நாம் செய்தது முழுக்க அந்த இடைவெளியை நீட்டி, அதில் நிலைத்து நிற்கப் பழகுவதுதான். ஆகவே ஆய்வுகளில் உறுதியாகத் தெரியும் பலன் சமநிலை என்பதில் வியப்பில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, தாய் சி செய்யும் முதியவர்களிடம் விழுதல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையக்கூடும் என்றது. 2012இல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் பார்க்கின்சன் நோயுள்ள 195 பேரிடம் 24 வாரம் நடந்த ஆய்வில், தசைநீட்டப் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய் சி செய்தவர்கள் குறைவாக விழுந்தார்கள். முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரை வைத்து பாஸ்டனில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், வலி குறைவதில் தாய் சியும் பிசியோதெரபியும் ஏறக்குறைய சமமாக இருந்தன.

சர்க்கரையை ஒழிக்கும், புற்றுநோயைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்தை நிறுத்திவிட்டு இதைச் செய்யலாம் என்று எந்த நல்ல ஆசானும் சொல்ல மாட்டார்.

எவ்வளவு நேரம், யாரிடம்

தினமும் பதினைந்து நிமிடம், வாரத்துக்கு ஒருநாள் இரண்டு மணி நேரத்தைவிட மேல். ஐந்து நிமிடம் நிற்பதும் பாரமாற்றமும், ஐந்து நிமிடம் நடை, மீதி அசைவுகள். ஒரு அசைவு இரண்டு பக்கமும் தடுமாறாமல் வந்த பிறகே அடுத்ததுக்குப் போங்கள்.

இந்த மூன்றும் வந்தபின் ஒரு ஆசான் தேவைப்படும், வீடியோ உங்கள் முழங்காலைப் பார்க்காது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குச் சமூக மன்ற வகுப்புகள் இருக்கின்றன. சீன மொழி தெரியாவிட்டாலும் பின்வரிசையில் நின்று கற்க யாரும் தடை சொல்வதில்லை. தமிழ்நாட்டில் தேட வேண்டியிருக்கும். வூஷு எனப்படும் சீனத் தற்காப்புக் கலைகளின் பயிற்சிக்கூடங்களில் விசாரியுங்கள், சிலர் தாய் சியும் கற்பிக்கிறார்கள். சேர்வதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அவர் எந்தப் பாணி, யாரிடம் கற்றார் என்று கேளுங்கள், தயங்காமல் பதில் சொல்வார். மாணவர்களைத் திருத்தும்போது அவர் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். கையை மட்டும் நிமிர்த்திவிட்டுப் போகிறவரிடம் அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம். குனிந்து, பின் பாதத்தின் கோணத்தைச் சரிசெய்து, பாரத்தை மாற்றச் சொல்லி, மறுபடியும் செய்ய வைக்கிறவர் கிடைத்தால் அன்றே சேர்ந்துவிடுங்கள்.