ஓம் விதியில் எண்ணைப் போடும் முன்

வோல்ட் (மின்னழுத்தம்) = ஆம்பியர் (மின்னோட்டம்) × ஓம் (தடை). ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட இந்த விதியை மனப்பாடம் செய்வதில் யாருக்கும் சிரமமில்லை. தப்பு நடப்பது எண்ணைப் போடும்போது. எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள வோல்ட், எந்த நிலையில் இருக்கும் ஓம் என்று பார்க்காமல் கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிடுகிறோம்.

60 வாட் குண்டு பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். சுமார் 65 ஓம் காட்டும். வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை 65-ஆல் வகுத்தால் மூன்றரை ஆம்பியர். ஆனால் எரியும்போது அது இழுப்பது கால் ஆம்பியர்தான். நான் முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். டங்ஸ்டன் இழை ஆறிக் கிடக்கும்போதுதான் 65. பழுத்து எரியும்போது தடை 880 ஓமுக்கு ஏறிவிடும். அதற்காக அந்த மூன்றரை ஆம்பியர் பொய்யும் இல்லை. சுவிட்சைப் போட்ட கணத்தில் கிட்டத்தட்ட அவ்வளவு பாய்ந்து அடங்குகிறது. பழைய பல்பு பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதே பியூஸ் போவது இதனால்தான்.

அப்புறம் எல்இடி. 12 வோல்ட் பேட்டரி, 20 மில்லி ஆம்பியர், ஆகவே எல்இடியோடு தொடராக 600 ஓம் ரெசிஸ்டர் (தடை) என்று போடுவார்கள். வெள்ளை எல்இடி தனக்கென்று 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 9தான். கணக்குக்கு 450, கடையில் கிடைப்பது 470. இதில் தப்பினால் வெளிச்சம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ‘மில்லி’யை மறந்து 9-ஐ 20-ஆல் வகுத்து அரை ஓம் போட்டால் எல்இடி அங்கேயே கருகும்.

மீட்டர் ஒயரை ஆம்பியர் துளையில் விட்டபடியே ப்ளக்கில் வோல்ட் பார்க்கப் போகாதீர்கள். அந்தத் துளையில் மீட்டரின் தடை ஏறக்குறைய பூஜ்யம். நேரடி ஷார்ட் சர்க்யூட்.

‘அரை ஓம் என்ன செய்துவிடும்?’ என்பது இன்னொன்று. 2000 வாட் ஹீட்டரின் ப்ளக் லூசாகி, தொடும் இடத்தில் அரை ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். ஓடுவது எட்டரை ஆம்பியர். அந்த இடத்தில் விழுவது நாலே கால் வோல்ட்தான், ஹீட்டரும் வழக்கம்போலச் சுடும், யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டையும் பெருக்கினால் 36 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்குகிறது. இங்கே அதைவிட அதிக சூடு பிளாஸ்டிக் ப்ளக்குக்குள் அடைந்து கிடக்கிறது.