பல்லவியோடு நிற்காதீர்கள்: ராக் பாடலுக்குப் பொருள் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராக் கேட்கத் தொடங்கும் பலரும் பிடித்த பாட்டில் ஏதோ ரகசியம் ஒளிந்திருப்பதாக நம்பித் தேடுகிறார்கள். வெளிப்படையாகப் பாடப்படும் சரணங்கள் அதற்குள் கைநழுவிவிடுகின்றன. ஒரு சொல் காதில் தப்பாக விழுவது எல்லோருக்கும் நடப்பது, அதை விட்டுவிடலாம். பாட்டையே தலைகீழாக்கும் தவறுகள் மட்டும் இங்கே.

பல்லவியை வைத்து முடிவுகட்டுவது

அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ (‘அமெரிக்காவில் பிறந்தவன்’) 1984-இல் வந்தது. இன்றும் அதைக் கொடி அசைக்கும் தேசபக்திப் பாட்டாகவே பலர் வைத்திருக்கிறார்கள். எரிச்சலூட்டும் தவறு இது. சரணங்களில் இருப்பவன் வேறு ஆள். ஊரில் ஏதோ சிக்கலில் மாட்டுகிறான். கையில் துப்பாக்கியைக் கொடுத்து வியட்நாமுக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வந்தால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை இல்லை. முன்னாள் வீரர்களுக்கான அலுவலகமும் கைவிரிக்கிறது. வியட்நாமின் கே சான் போரில் சகோதரனை இழந்தவன், கடைசியில் சிறையின் நிழலில் போக்கிடமின்றி நிற்கிறான்.

இத்தனையும் ஏன் காதில் ஏறுவதில்லை? பெரும்பாலான பாடல்களில் பல்லவி வந்ததும் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்களின் தொகுப்பு) வரிசை மாறும். இதில் முழுப் பாட்டும் இரண்டே கார்டுகளில், சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் ஒரே மெட்டின் மேல் ஓடுகிறது. துக்கம் சொல்லும் சரணத்துக்கும் முழங்கும் பல்லவிக்கும் இசையில் வேறுபாடே இல்லை. டிரம்ஸ் அதிர்வில், பல்லவியாக வரும் தலைப்பு மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது.

விளைவு சின்னதல்ல. 1984 செப்டம்பர் 19 அன்று நியூ ஜெர்சியின் ஹேமன்டனில் தேர்தல் பிரசாரம் செய்த அமெரிக்க அதிபர் ரீகன், ஸ்பிரிங்ஸ்டீன் பாடல்களில் உள்ள நம்பிக்கைச் செய்தியைப் புகழ்ந்தார். சில நாட்களில் பிட்ஸ்பர்க் மேடையில் ஸ்பிரிங்ஸ்டீன், அதிபருக்குத் தன்னுடைய எந்த ஆல்பம் பிடித்திருக்கும் என்று கேட்டுவிட்டு, வேலையிழந்த தொழிலாளி கொலைகாரனாகும் ‘ஜானி 99’ பாடலைத் தொடங்கினார்.

தப்பிக்க வழி உண்டு. பல்லவியை நீக்கிவிட்டுச் சரணங்களை மட்டும் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் யார், எங்கே, எப்போது என்று குறியுங்கள். பிறகு ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவியைச் சேர்த்து, அந்த ஆள் சொல்வதாகவே வாசியுங்கள். முதல் முறை அது பிறந்த நாட்டைச் சொல்லும் வரி. வேலை மறுக்கப்பட்டபின் அதே வரி, ‘நானும் இங்கே பிறந்தவன்தானே’ என்ற கேள்வி. அடுத்து, 1982-இல் பதிவாகி 1998-இல் ‘ட்ராக்ஸ்’ தொகுப்பில் வெளிவந்த ஆரம்ப வடிவத்தைக் கேளுங்கள். ஆரவாரம் இல்லாத அந்தப் பதிவில் கொண்டாட்டத்துக்கு இடமே கிடையாது.

அதற்காக, முழங்கும் வடிவத்தைப் பிழை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. அந்தக் கத்தலில் பெருமிதமும் இருக்கிறது, அடிபட்ட பெருமிதம்.

‘நான்’ என்றால் பாடகர் என்று எடுத்துக்கொள்வது

தி போலீஸ் குழுவின் ‘எவ்ரி பிரெத் யு டேக்’ (1983) திருமணங்களில் காதல் பாட்டாக ஒலிக்கிறது. பிரிந்துபோனவளின் ஒவ்வொரு அசைவையும் கண்காணிப்பேன் என்கிறான் பாட்டில் வருபவன். எழுதிப் பாடிய ஸ்டிங்கே அதை இதமான பாட்டாகக் கருதவில்லை. வரிகளில் ‘நான்’ வரும் இடத்தில் ‘அவன்’ என்று போட்டு வாசித்துப் பாருங்கள். அவனைக் கண்டு பயம் வந்தால், பாட்டு சரியாகப் புரிந்திருக்கிறது.

தலைப்பின் முதலெழுத்துகளைக் கூட்டுவது

பீட்டில்ஸின் ‘லூசி இன் தி ஸ்கை வித் டைமண்ட்ஸ்’ (1967) தலைப்பில் லூசி, ஸ்கை, டைமண்ட்ஸ் ஆகியவற்றின் முதலெழுத்துகளாக எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் இருக்கிறது என்பார்கள். தன் மகன் ஜூலியன் பள்ளியில் வரைந்த படத்திலிருந்து வந்த தலைப்பு என்றார் குழுவின் ஜான் லெனன். அந்தக் காலப் பாடல்களில் போதைப்பொருள் உண்டுதான். அதற்குச் சான்று வரிகளில் இருக்க வேண்டும்.

மறைசெய்தி தேடிப் பாட்டைப் பின்னோக்கி ஓட்டிக் கேட்பது

வேண்டாம். காது தேடுவதையே கேட்டுவிடும்.

‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வை வரைபடத்தில் தேடுவது

ஈகிள்ஸ் குழுவின் அந்தப் பாட்டில் வரும் விடுதி ஒரு வாழ்க்கைமுறையைப் பற்றிய உருவகம். மெக்சிகோவின் டோடோஸ் சாண்டோஸ் ஊரில் அதே பெயருள்ள விடுதி, பாட்டோடு தொடர்பு இருப்பதாகக் காட்டிக்கொள்கிறது என்று ஈகிள்ஸ் குழு 2017-இல் வழக்கே தொடுத்தது.