முத்திரை எண்ணைக் கடைசியில் பாருங்கள்: ஜெர்மன் போர்க்கால பேட்ஜ்களில் அசலும் போலியும்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் பேட்ஜ் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் உடனே திருப்பிப் பார்த்து, செய்த பட்டறையைக் குறிக்கும் முத்திரை எண்ணைத் தேடுகிறோம். எண் இருந்துவிட்டால் அசல் என்று முடிவும் கட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இரும்புச் சிலுவை என்ற போர் வீரப் பதக்கம் ஒன்றை வாங்கி ஏமாந்தேன். போலி செய்கிறவனுக்கு ஓர் எண்ணைக் குத்த எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இன்னொரு பக்கம், எந்த முத்திரையும் இல்லாத அசல்களும் ஏராளம். அதனால் எண்ணைத் தள்ளி வைத்துவிட்டு, பொருளை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நுணுக்கமாக அளக்க ஒரு வெர்னியர் அளவுகோல், ஒரு சின்னக் காந்தம், இவ்வளவு இருந்தால் போதும்.

இரும்புச் சிலுவை இரண்டாம் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். 1939 செப்டம்பர் 1 அன்று ஹிட்லர் இதை மறுபடி கொண்டுவந்தார். முன்பக்கம் ஸ்வஸ்திகாவும் 1939-உம், பின்பக்கம் இந்த விருது முதன்முதலில் வந்த ஆண்டான 1813. வழக்கமான அசல் மூன்று துண்டுகளால் ஆனது. நடுவில் கறுப்புப் பூச்சு அடித்த இரும்புத் தகடு, அதை முன்னும் பின்னும் கவ்விப் பிடிக்கிற இரண்டு வெள்ளி நிறச் சட்டங்கள். சிலுவையைப் பக்கவாட்டில் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் ஓரத்தை மெல்லச் சுற்றிப் பாருங்கள்: இரண்டு சட்டங்களும் சேர்கிற இடத்தில் பற்றவைத்து அராவிய தடம் எங்காவது தென்படும், சிலதில் அதை அவ்வளவு நேர்த்தியாக அராவியிருப்பார்கள், லென்ஸ் இல்லாமல் தெரியாது. அப்புறம் தகடும் சட்டமும் சந்திக்கிற உள்விளிம்பு. அசலில் அது இரண்டு தனித்தனிப் பொருட்கள் சேர்ந்த இடம் என்பது கண்ணுக்கே தெரியும். ஒரே வார்ப்பாக ஊற்றிய போலியில் அந்தப் பிரிவு இருக்காது, மூலைகளில் கறுப்பு பெயின்ட் தேங்கி நிற்கும். நான் வாங்கியது இந்த ரகம்தான்.

காந்தத்தை ரொம்ப நம்ப வேண்டாம். இரும்பு அல்லாத தகடு வைத்த அசல்களும் உண்டு, இரும்பு வைத்த போலிகளும் உண்டு.

அச்சில் அடித்ததா, வார்த்ததா என்பது அடுத்த கேள்வி. அச்சில் அடித்ததில் விளிம்புகள் கூர்மையாக இருக்கும், பள்ளமான இடங்கள்கூட வழவழப்பாக இருக்கும். அசலை வைத்து மண்ணிலோ ரப்பரிலோ அச்செடுத்து வார்த்த நகலில் குமிழ்க் குழிகள் தெரியும், நுணுக்கங்கள் மழுங்கியிருக்கும்; உலோகம் ஆறும்போது சுருங்குவதால் நகல் அசலைவிட ஒரு துளி சிறிதாகவும் இருக்கும், வெர்னியர் அதற்குத்தான். ஆனால் போரின் பிற்பகுதியில் சில பட்டறைகளே துத்தநாகத்தை வார்த்து பேட்ஜ் செய்திருக்கின்றன என்பதால், வார்ப்பு என்றாலே போலி என்று சொல்லிவிட முடியாது.

உலோகமும் காலமும் ஒத்துப்போக வேண்டும். ஆரம்பத்தில் டோம்பாக் என்ற செம்புக் கலவையும், நியூசில்பர் என்ற செம்பு-நிக்கல் கலவையும் அதிகம். செம்பும் நிக்கலும் போர்த்தேவைக்குப் போகப்போக துத்தநாகம் வந்தது. துத்தநாகத்தின் மேலிருந்த வெள்ளிப் பூச்சு காலப்போக்கில் மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். பளபளவென்று இருக்கும் துத்தநாக பேட்ஜைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். அதற்காக மங்கலான பேட்ஜைப் பாலிஷ் போட்டுவிடாதீர்கள், மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும்.

பின்பக்கம் கீல், ஊசி, கொக்கி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் உருண்டைக் கம்பி கொக்கி வைப்பார், இன்னொருவர் தட்டைத் தகட்டில் வெட்டி வைப்பார். அச்சிலிருக்கும் கீறல், விரிசல்கூட அந்தப் பட்டறையின் கையெழுத்து மாதிரிதான், ஆகவே உறுதியான அசல்களின் படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

சரி, இப்போது எண். இரண்டு வரிசைகள் இருந்தன. வெறும் எண் என்றால் அரசு நேரடியாக வழங்கப் பயன்படுத்தியது. எல் எழுத்தும் சாய்கோடும் சேர்ந்த எண் என்றால் கடையில் தனியாருக்கு விற்றது, இந்த முறை 1941-இல்தான் வந்தது. ஆகவே எல் எண் போட்ட சிலுவையைக் காட்டி, 1939-இல் போலந்துப் போர் முடிந்த கையோடு கொடுத்தது என்று யாராவது கதை சொன்னால் நம்பாதீர்கள். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு எண்களும் உண்டு: லூடன்ஷைட் ஊரின் ஸ்டைன்ஹவர் உண்ட் லூக் நிறுவனத்துக்கு 4, எல்/16 இரண்டும். இங்கே ஒரு குழி இருக்கிறது: 26 என்றால் ஃபோர்ட்ஸ்ஹைமின் பி.எச். மாயர், ஆனால் எல்/26 என்றால் இடார்-ஓபர்ஸ்டைனின் கிளைன் உண்ட் குவென்சர். எண்ணின் பட்டறையும், பின்பக்கக் கீலும் அச்சும் சொல்கிற பட்டறையும் ஒன்றாக இருந்தால்தான் எண்ணுக்கு மதிப்பு.

ஸ்வஸ்திகா இல்லாத சிலுவை போலி அல்ல. 1957-ஆம் ஆண்டின் மேற்கு ஜெர்மன் சட்டம் பழைய விருதுகளை அந்தச் சின்னம் இல்லாமல் அணிய அனுமதித்தது, அதற்காகவே புதிதாகச் செய்தார்கள். அதைப் போர்க்கால விலைக்கு விற்றால்தான் மோசடி. ஜெர்மனியில் அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதற்குத் தடை இருப்பதால் விற்பனைப் படங்களில் அதை மறைத்திருப்பார்கள். பின்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் தனியாகப் படம் கேட்டு வாங்குங்கள்.

ரிப்பன், காகித உறை இருந்தால் இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டிப் பாருங்கள். உறை நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் போருக்குப் பிந்தைய காகிதமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ரிப்பன் ஒளிர்ந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள், யாராவது அதை டிடர்ஜென்டில் துவைத்திருக்கலாம்.