வீட்டுச் சூடும் கரண்ட் பில்லும்: வேலை கொடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை மாதம் ராத்திரி பத்து மணிக்கு, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, கூரையை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். வெளியே காற்று ஆறியிருக்கும், கூரை ஆறியிருக்காது. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட், அந்தச் சூட்டைச் சில மணி நேரம் கழித்துத்தான் உள்ளே இறக்கும். நாம் படுக்கப் போகும் நேரமும் அது சூட்டை இறக்கும் நேரமும் ஒன்றாக இருப்பதுதான் மேல்மாடி அறைகளின் பிரச்சினை.

திருச்சியில் எங்கள் வீட்டில் அந்த அறை அம்மாவுடையது. அதற்காக நான்கு வருடத்தில் மூன்று பேருக்கு வேலை கொடுத்தேன். முதலில் ஏ.சி., அப்புறம் வாட்டர்ப்ரூஃபிங், கடைசியில் சோலார். மூவருமே அவரவர் வேலையைச் செய்தார்கள். ஆனால் சூடு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. செலவு செய்து முடித்த பிறகுதான் வேலைகளின் வரிசையே தலைகீழாகப் போய்விட்டது என்று புரிந்தது. அதே வரிசையில் இன்னும் பல பேர் போவதைப் பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அளந்து பார்க்காமல் ஆளைக் கூப்பிடுவது

பில் அதிகமாக வந்ததும் முதலில் கூப்பிடுவது ஏதாவது ஒரு கடைக்காரரை. அவரிடம் என்ன இருக்கிறதோ அதைத்தான் அவர் தீர்வாகச் சொல்வார். அது அவர் பிழைப்பு, தப்பில்லை. எது கரண்டைத் தின்கிறது என்பதை அவர் வருவதற்கு முன்பே நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் போதும். இரவு படுக்கும் முன்பு ஒரு முறை, காலையில் எழுந்ததும் ஒரு முறை மீட்டர் ரீடிங்கை ஒரு நோட்டில் எழுதுங்கள். ராத்திரி எத்தனை யூனிட், பகலில் எத்தனை யூனிட் என்று பிரிந்துவிடும். இன்னொரு சோதனையும் உண்டு. ஃபிரிட்ஜ் உட்பட எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மின்னும் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும், பலவற்றில் 3200 என்று இருக்கும். எல்லாம் அணைந்த பிறகும் அது விடாமல் மின்னினால் வயரிங்கில் கசிவு இருக்கலாம், அல்லது தெரியாமல் ஏதோ ஓடிக்கொண்டிருக்கலாம். அப்போது முதலில் வர வேண்டியவர் எலெக்ட்ரீஷியன்தான், ஏ.சி.காரர் அப்புறம் வரட்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்குக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு விலைப் பட்டியல், தாண்டினால் வேறொன்று. 2025 பட்டியல்படி, முதல் 100 யூனிட் இலவசம் என்பது இரண்டிலும் மாறாது. ஆனால் 101 முதல் 200 வரை கிடைக்கும் குறைந்த விலை, 500ஐத் தாண்டியதும் போய்விடும். அதனால் 530, 540 என்று வரும் வீட்டில் 40 யூனிட்டைக் குறைத்தால், அந்த 40க்கான பணத்தோடு சேர்த்து இன்னொரு தொகையும் மிச்சமாகும். உங்கள் வீடு அந்தக் கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பழைய பில்களை எடுத்துப் பாருங்கள்.

கூரையைத் தொடாமல் அறையைக் குளிர்விக்கப் பார்ப்பது

நான் செய்ததில் பெரிய தவறு இதுதான். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலேயே நிற்கிறது. திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரமும் ஆகஸ்ட் கடைசியும் உச்சி வெயில் செங்குத்தாக இறங்கும். மதிய வேளையில் சுவரில் விழும் வெயில் கொஞ்சம்தான், மீதி எல்லாம் மொட்டை மாடியில். அதனால் மேல்மாடி வீட்டுக்காரர்கள் செலவைத் தொடங்க வேண்டிய இடம் மாடிதான்.

எங்கள் வீட்டுக்கு வந்த வாட்டர்ப்ரூஃபிங்காரர் ஒரு டப்பாவைக் காட்டி, "அக்கா, இந்தக் கோட்டிங் அடிச்சா லீக்கும் இருக்காது, சூடும் இருக்காது" என்றார். நிறம் செங்கல் சிவப்பு. ஓடு போட்ட மாதிரி அழகாக இருக்கும் என்று நானும் சரி என்றேன். லீக் நின்றது உண்மை. அந்த வருடக் கோடையில் அறை கொஞ்சமும் மாறவில்லை. நீரைத் தடுப்பது வேறு, வெயிலைத் திருப்பி அனுப்புவது வேறு. இரண்டையும் செய்யும் பூச்சுகள் இருக்கின்றன, ஆனால் அவை வெள்ளையாகவோ வெள்ளைக்கு மிக அருகிலோதான் இருக்கும். சிவப்பு, பச்சை, அடர் சாம்பல் எல்லாம் வெயிலைக் குடிக்கிற நிறங்கள். வாங்கும் முன் எஸ்.ஆர்.ஐ. எண் எவ்வளவு என்று கேளுங்கள். வெயிலை எவ்வளவு திருப்புகிறது, வாங்கிய சூட்டை எவ்வளவு விடுகிறது என்பதைச் சேர்த்துச் சொல்லும் எண் அது. நல்ல வெள்ளைப் பூச்சுகளில் 100ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அந்த எண்ணையே கேள்விப்படாதவர் உங்களுக்குக் 'கூலிங் பெயின்ட்' விற்கக் கூடாது.

ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். மாடியில் மூன்றடிக்கு மூன்றடி இடத்தைக் கழுவி, சுண்ணாம்போ வெள்ளை சிமென்ட்டோ இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அதில் வெறுங்காலோடு நின்றுவிட்டு, பக்கத்துத் தரையில் ஒரு அடி எடுத்து வையுங்கள். வெள்ளைச் சதுரத்தில் நிற்க முடியும், பக்கத்தில் கால் தாங்காது. எனக்கு அந்த ஒரு அடிதான் எல்லாவற்றையும் விளக்கியது. தெலங்கானா அரசு 2023இல் கூரைகளைக் குளிர்ச்சியாக்க ஒரு கொள்கையே கொண்டுவந்தது, அதன் அடிப்படையும் இதே விஷயம்தான்.

சுண்ணாம்பு மலிவு. ஆனால் மழையில் கரையும், வருடா வருடம் மாசி, பங்குனியில் அடித்தாக வேண்டும். பெயின்ட் சில வருடம் தாங்கும். எதுவானாலும் தூசி படிந்தால் வெள்ளை வெள்ளையாக இருக்காது, கோடைக்கு முன் ஒரு தடவை கழுவிவிட வேண்டும். வேலை நடக்கும்போது மேலே போய் நின்று பாருங்கள். பாசியைச் சுரண்டினார்களா, விரிசலை அடைத்தார்களா, தரை நன்றாகக் காய்ந்ததா, டப்பாவில் சொன்னதைவிட அதிகமாகத் தண்ணீர் கலக்கிறார்களா என்று. டப்பாக்களை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், காலி டப்பாக்களை எண்ணுங்கள். ஒரு டப்பா எத்தனை சதுர அடிக்குப் போதும் என்று அதிலேயே போட்டிருக்கும். உங்கள் மாடியின் அளவோடு வகுத்துப் பார்த்தால் ஒரு கோட்டா இரண்டு கோட்டா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதன் மேல் தட்டோடு என்ற தட்டையான சுட்ட ஓட்டைப் பதித்திருப்பார்கள். சில இடங்களில் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி இடித்த தளங்கள் இன்னும் நன்றாக இருக்கின்றன. "இதெல்லாம் பழசு, வெயிட்டு வேற, எடுத்துட்டு கெமிக்கல் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அந்த நான்கு அங்குலம்தான் உங்கள் வீட்டுக்கும் வெயிலுக்கும் நடுவில் இருக்கும் மறைப்பு. தட்டோட்டின் இடுக்குகள் மட்டும் விட்டுப்போயிருந்தால் அவற்றை அடைத்து, மேலே வெள்ளை அடித்தாலே போதும். உண்மையிலேயே உளுத்துப்போயிருந்தால் மட்டும் எடுங்கள். எடுத்த இடத்தில் சூட்டைத் தடுக்கும் ஒரு அடுக்கு திரும்ப வருகிறதா என்று கேட்டு, கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள்.

சுவர்களில் மேற்குச் சுவர்தான் கெட்டது. அங்கே ஜன்னல் இருந்தால், உள்ளே கனத்த திரை போடுவதைவிட வெளியே தட்டியோ மூங்கில் பாயோ தொங்கவிடுவது நல்லது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் வந்ததுதான்.

ஏ.சி.யில் நடக்கும் தவறுகள்

"ரூம் சின்னதுதான், ஆனா டாப் ஃப்ளோர். ஒன்றரை டன் போட்டாதான் இழுக்கும்" என்றார் எங்கள் வீட்டுக்கு வந்தவர். அன்றைய கூரைக்கு அவர் சொன்னது சரி. கூரையைச் சரிசெய்துவிட்டு வாங்கியிருந்தால் ஒரு டன்னே போதுமாக இருந்திருக்கும். அதனால் மாடி வேலை முடிந்து, அறை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்த பிறகு டன் கணக்குக்கு வாருங்கள்.

நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். நட்சத்திரம் கொடுக்கும் மத்திய அரசு அமைப்பான பி.இ.இ.யின் லேபிளில் எந்தக் காலத்துக்கான மதிப்பீடு என்று போட்டிருக்கும். அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். 2022 ஜூலையில் இறுக்கியபோது, முன்பு ஐந்து நட்சத்திரம் வாங்கிய பல மாடல்கள் நான்குக்கு இறங்கின. கடையில் தேங்கிய பழைய சரக்கை 'ஃபைவ் ஸ்டார்' என்று தள்ளிவிட இடம் உண்டு. லேபிளில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண் அதிகமாக இருப்பதை எடுங்கள், தின்னும் கரண்டுக்கு எவ்வளவு குளிர் தருகிறது என்று சொல்லும் எண் அது. வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பது 1600 மணி நேரத்துக்கான கணக்கு. நீங்கள் அதைவிட அதிகம் ஓட்டினால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாட்டும் அன்று கவனிக்க வேண்டியது வேக்வம். செம்புக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும், கால் மணி நேரமாவது ஆகும். பலர் அதைச் செய்யாமல், உள்ளிருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளிவிடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கேஸும் குறையும், ஈரமும் உள்ளேயே தங்கும், மெஷின் அதிக நேரம் ஓடும். ஆளைக் கூப்பிடும்போதே, "வேக்வம் பம்ப் எடுத்துட்டு வருவீங்களா?" என்று கேளுங்கள். வெளி யூனிட்டைக் காற்றோட்டமில்லாத சந்தில் சுவரைப் பார்த்து மாட்டவிடாதீர்கள். அது விட்ட சூட்டை அதுவே திரும்ப இழுக்கும்.

24 டிகிரியில் வைத்துவிட்டு ஃபேனையும் ஓட்டலாம். ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது பி.இ.இ. சொல்லும் கணக்கு.

சின்னதாகத் தெரிந்து பெரிதாகத் தின்பவை

சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் போல. தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஒரு ஃபேனுக்கு ஏறக்குறைய 32 யூனிட் மிச்சம். நாள் முழுக்க ஓடும் ஃபேன்களை முதலில் மாற்றுங்கள், விருந்தினர் அறைக்கு அவசரமே இல்லை. மாட்டும் எலெக்ட்ரீஷியன் பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு நேரடி லைன் வேண்டும், ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தால் அதன் சர்க்யூட் கெட்டுப்போகும்.

ஒரு ஹெச்.பி. தண்ணீர் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். டேங்க் நிரம்பி வழிவது, உறிஞ்சும் குழாயின் அடியில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஃபுட் வால்வு சரியாகப் பிடிக்காமல் மோட்டார் வெறுமனே சுற்றுவது, இரண்டுக்கும் கொடுப்பது காசுதான்.

சோலாரை அவசரமாகப் போடுவது

வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்த பிறகு எல்லாத் தெருவிலும் சோலார் பேச்சு. மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். நல்ல திட்டம், நானும் அதில்தான் போட்டேன். ஆனால் வேலை முடிந்து ஓடத் தொடங்கிய பிறகுதான் மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். கொட்டேஷனில் அதை முன்கூட்டியே கழித்துக் காட்டினால், முழு விலை எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

பலர் ஏமாந்து நிற்பது கரண்ட் போகும் நாளில். பேட்டரி இல்லாமல் தெரு லைனோடு இணைத்த ஆன்-கிரிட் சோலார், லைனில் கரண்ட் இல்லையென்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. நண்பகல் வெயிலில் பேனல் பளபளக்க, வீட்டுக்குள் ஃபேன் நின்றபோது அம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. இதை யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை.

நிழலை மார்கழியில் பாருங்கள். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தண்ணீர் டேங்க், தெற்கு வீட்டு மாடி, தென்னை எல்லாவற்றின் நிழலும் நீளமாக விழும். வரிசையில் ஒரு பேனலில் நிழல் விழுந்தாலே மற்றவற்றின் உற்பத்தியும் இறங்கலாம். கோடையில் வந்து அளந்துவிட்டு "நிழலே இல்ல" என்று சொல்பவர் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். சோலார் கால்களுக்கு மாடியைத் துளையிட்டு போல்ட் முடுக்கினார்கள். ஐப்பசி மழையில் சரியாக இரண்டு கால்களுக்குக் கீழே அம்மா அறைக் கூரையில் ஈரம் தெரிந்தது. வாட்டர்ப்ரூஃபிங்காரர் வந்து, "என் கோட்டிங்கைக் குத்திட்டாங்க, வாரன்ட்டி கிடையாது" என்றார். சோலார்காரர், "கோட்டிங் சரியில்ல, எங்க போல்ட் சரியாத்தான் இருக்கு" என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது, காகிதத்தில்தான் எதுவும் இல்லை. துளையிடாமல் கான்கிரீட் கட்டைகள் வைத்து, காற்றுக்குத் தாங்கும்படி எடை கணக்குப் போட்டு நிறுத்தும் முறை உண்டு. துளையிட்டே ஆக வேண்டுமானால் அந்த இடங்களை அடைக்கும் பொறுப்பு யாருடையது என்று வேலைக்கு முன் எழுதி வாங்கியிருக்க வேண்டும். மாடியைக் கழுவி வெள்ளை அடித்த பிறகு பேனல் வந்திருக்க வேண்டும், இப்போது பேனலுக்கு அடியில் குனிந்து போய்த்தான் எதையும் செய்ய முடிகிறது.

பணம் கொடுக்கும் முறை

கூரை வேலைக்கு முழுப் பணத்தையும் முடித்த அன்றே கொடுக்காதீர்கள். பொருளுக்கு ஒரு பகுதி, வேலை முடிந்ததும் ஒரு பகுதி, முதல் பெருமழை தாண்டிய பிறகு மீதி பத்து சதவீதம் என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். நல்ல மேஸ்திரி இதற்கு முகம் சுளிக்க மாட்டார். பொருளின் பெயர், எத்தனை கோட், எத்தனை சதுர அடி, வாரன்ட்டி எதற்கு எத்தனை வருடம் என்பதெல்லாம் கையெழுத்தோடு இருக்கட்டும். அவர் இரண்டு வருடத்துக்கு முன் செய்த ஒரு வீட்டைக் கேட்டு, நேரில் மாடியேறிப் பாருங்கள்.

போன மாசியில் பேனல் இல்லாத இடம் முழுக்கச் சிவப்பைச் சுரண்டி வெள்ளை அடித்தோம். அடித்தவர் அவராகவே முதல் மழைவரை மீதிப் பணம் வேண்டாம் என்றார். இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுந்து ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, ஃபேனில் படுக்கிறார். மீட்டர் நோட்டில் அந்த ராத்திரிகளின் எண்களைத் தனி மையில் எழுதிவைத்திருக்கிறேன்.