படிப்பை நிறுத்திய பிள்ளையைக் கல்யாணத்துக்காக ஊருக்குக் கூப்பிடாதீர்கள்: அமெரிக்காவில் இருந்தபடியே கிரீன் கார்டு வாங்கும் வழி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு கடை வைத்திருக்கிறேன். என் தங்கை அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போனாள். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இப்போது நியூ ஜெர்சியில் கிரீன் கார்டோடு இருக்கிறாள். ஊர்ப் பக்கத்துப் பேப்பர் வேலை முழுவதும் நான் பார்த்தது. விஷயம் தெரிந்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி, பாண்டியிலிருந்தெல்லாம் பெற்றோர் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேச்சை எடுக்கிறார்கள்: "பிள்ளையை வரச் சொல்லிட்டோம். இங்க கல்யாணத்தை முடிச்சு அனுப்பிடலாம்னு இருக்கோம்."

டிக்கெட் போட்டிருந்தால் முதலில் அதை நிறுத்தி வையுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இன்னும் இரண்டு வருஷம் தேதி இருக்கலாம். அது வாசலில் காட்டும் சீட்டு, அவ்வளவுதான். உள்ளே இருப்பதற்கான உரிமை, அதாவது ஸ்டேட்டஸ், படிப்போடு கட்டியது. படிப்பை முழுதாக முடித்தவருக்கு 60 நாள் அவகாசம் உண்டு. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லி, அனுமதியோடு விலகினால் 15 நாள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் ஒரு நாள்கூடக் கிடையாது. படிப்பு இல்லாதவர் ஊருக்கு வந்துவிட்டு அதே விசாவில் மாணவர் என்று சொல்லித் திரும்பப் போனால், விமான நிலையத்தில் பொய் சொன்ன கணக்காகிவிடும். அந்தப் பொய் ஆயுசுக்கும் துரத்தும். சரி, நேர்வழியில் போகலாம் என்றால் கணவர் அங்கிருந்து மனைவிக்காக ஐ-130 என்ற மனு போட்டு, அது தேறி, மனைவியின் கோப்பு மும்பைத் துணைத் தூதரகத்துக்கு நேர்காணலுக்கு வர வேண்டும். பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிடும். அதுவரை அவர் அங்கே, பிள்ளை இங்கே.

அங்கேயே இருந்தபடி கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வேறு வழி இருக்கிறது. அந்த வழி திறந்திருக்கிறதா என்பதை ஒரே ஒரு கேள்வி தீர்மானிக்கும்: மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகனா, கிரீன் கார்டுக்காரரா? நம் பக்கத்தில் இரண்டையும் சேர்த்து "அங்க செட்டில் ஆனவர்" என்று சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் இரண்டுக்கும் ஏகப்பட்ட வித்தியாசம். அமெரிக்கப் பாஸ்போர்ட்டின் நகலையோ, குடியுரிமைச் சான்றிதழின் நகலையோ கேட்டு வாங்குங்கள். சம்பந்தம் பேசும்போது ஜாதகம் கேட்கிறோம், இதையும் கேட்கலாம். தப்பில்லை.

குடிமகன் என்றால், அவருடைய மனைவி முறையாகச் சோதிக்கப்பட்டு நாட்டுக்குள் நுழைந்தவராக இருந்தாலே போதும். இடையில் ஸ்டேட்டஸ் போனதையும், அனுமதியில்லாமல் வேலை பார்த்ததையும் காரணம் காட்டி கிரீன் கார்டு விண்ணப்பத்துக்குத் தடை போட மாட்டார்கள். நுழைந்ததற்குச் சாட்சி ஐ-94 பதிவு. அதை இணையத்திலிருந்து இறக்கி இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிரீன் கார்டுக்காரரின் மனைவிக்கு இந்தச் சலுகை இல்லை. அவர் விண்ணப்பம் போடும் நாள் வரை ஸ்டேட்டஸை விடாமல் வைத்திருக்க வேண்டும். இப்போதுதான் போயிற்று என்றால், ஐந்து மாதத்துக்குள் ஐ-539 படிவம் போட்டு மாணவர் ஸ்டேட்டஸை மீட்டுத் தரும்படி கேட்கலாம். அல்லது மாப்பிள்ளை குடியுரிமை வாங்கும் வரை பொறுக்க வேண்டும். கிரீன் கார்டுக்காரரைக் கட்டியவர்கள் வக்கீலைப் பார்க்காமல் ஒரு அடியும் எடுத்து வைக்க வேண்டாம்.

குடிமகனைக் கட்டியவருக்கும் மன்னிக்காத விஷயம் உண்டு. வேலையில் சேரும்போது ஐ-9 என்று ஒரு படிவம் தருவார்கள். அதில் "அமெரிக்கக் குடிமகன்" என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தால், அது ஸ்டேட்டஸ் இல்லாமல் வேலை செய்ததைவிடப் பல மடங்கு பெரிய குற்றம். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்திருந்தாலும் அதே கதைதான். பெட்ரோல் பங்கிலோ ஹோட்டலிலோ கொஞ்ச நாள் வேலை பார்த்த பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். திட்டுவதற்காகக் கேட்காதீர்கள். வக்கீலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கேளுங்கள்.

பத்து வருஷம் உள்ளே விடமாட்டார்கள் என்று பலரும் பயப்படுகிறார்கள். சட்டவிரோதமாக 180 நாளுக்கு மேல் தங்கியிருந்துவிட்டு நாட்டை விட்டு வெளியே போனால் 3 வருஷத் தடை, ஒரு வருஷம் தாண்டியிருந்தால் 10 வருஷத் தடை. இது உண்மைதான். ஆனால் ஐ-94இல் தேதிக்குப் பதிலாக டி/எஸ், அதாவது ஸ்டேட்டஸ் இருக்கும் வரை, என்று போட்டிருந்தால், குடியேற்றத் துறையோ நீதிபதியோ முறைப்படி தீர்மானித்துச் சொல்லும் வரை அந்த நாள் கணக்கு ஓடாது. ஸ்டேட்டஸ் போவது வேறு, இந்தக் கணக்கு ஓடுவது வேறு. தேதி போட்ட ஐ-94 என்றால் அந்தத் தேதியிலிருந்தே ஓடும். கவனியுங்கள், தடை விழுவது வெளியே கிளம்பும்போதுதான். ஊருக்குக் கூப்பிடாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

ஆகவே கல்யாணம் அங்கேதான். கோயிலில் தாலி கட்டினாலும் பதிவு தனியாக வேண்டும். நியூ ஜெர்சியில் ஊர்ப் பதிவாளரிடம் முதலில் கல்யாண லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும், 72 மணி நேரம் காத்திருந்தால்தான் கைக்கு வரும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் போய் நின்றால் நடக்காது. கோயிலில் தரும் சான்றிதழ் குடியேற்றத் துறைக்குப் போதாது. கல்யாணத்துக்கப்புறம் பதிவாளர் தரும் சான்றிட்ட நகல்தான் செல்லும். என் தங்கை கல்யாணத்தை நாங்கள் ராத்திரி ஏழு மணிக்கு வீட்டு டிவியில் போனை இணைத்துப் பார்த்தோம். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் சன்னதியில் நடக்க வேண்டிய கல்யாணம் என்று அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. அம்மா ஆசைப்பட்டதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அந்த ஆசையைக் கார்டு வந்தபிறகு நிறைவேற்றிக்கொள்ளலாம்.

இனி என் கடை வேலைக்கு வருகிறேன். இங்குதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சிக்கல் அதிகம்.

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தங்கையுடையது மங்கிப்போன ஒரு நகல். அப்பா பெயர், அம்மா பெயர், தேதி, பெண் குழந்தை, எல்லாம் இருந்தது. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கோடு. பிறந்த உடனே பதிந்து, பெயர் வைத்தபின் சேர்க்காமல் விட்ட பிள்ளைகள் நம் மாவட்டத்தில் ஏராளம். அப்படி இருந்தால் பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் பள்ளிச் சான்றோடு விண்ணப்பித்துப் பெயரைச் சேர்த்து, தமிழும் ஆங்கிலமும் இருக்கிற புதுச் சான்றிதழ் வாங்குங்கள். கடலூர் டவுன் என்றால் மாநகராட்சி. 2021இல்தான் நகராட்சி மாநகராட்சி ஆனது, அதனால் பழைய சான்றிதழில் நகராட்சி என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பாண்டியில் நகராட்சி, கிராமப் பக்கம் கொம்யூன் பஞ்சாயத்து.

பிறந்து ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துப் பதிந்திருந்தால் சான்றிதழ் மட்டும் போதாது. பதிவே இல்லையென்றால் பதிவு இல்லை என்பதற்கான சான்றை வாங்குங்கள். இரண்டுக்குமே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டி.சி., அப்புறம் பிறப்பை நேரில் அறிந்த இருவரின் பிரமாணப் பத்திரம் சேர்த்து வையுங்கள். பிரமாணப் பத்திரத்தில் "எனக்கு நன்றாகத் தெரியும்" என்று மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை. கையெழுத்துப் போடுபவர் யார், எப்போது எங்கே பிறந்தவர், என்ன உறவு, இந்த விவரம் அவருக்கு எப்படித் தெரியும் என்று இருக்க வேண்டும். "பிரசவத்தின்போது நான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தேன், என் தங்கைக்குத் துணையாகப் போயிருந்தேன்" என்று ஒரு பெரியம்மா சொன்னால், அது பத்து வரி சட்ட வாசகத்தைவிடப் பலமானது. நான் டைப் செய்யும்போது அவர்களையே பேசச் சொல்லி, அவர்கள் வார்த்தையிலேயே எழுதுவேன்.

2015 வெள்ளத்திலும், 2024இல் ஃபெஞ்சல் புயல் மழையிலும் நனைந்த சான்றிதழ்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. லேமினேட் செய்யாதீர்கள். நிழலில் காயவைத்து, கலரில் ஸ்கேன் எடுங்கள். எழுத்து அழிந்திருந்தால் மறு நகலுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள்.

தமிழில் மட்டும் இருக்கும் எந்தத் தாளுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், முத்திரையில் இருக்கும் எழுத்து உட்பட. மொழிபெயர்த்தவர் தனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது முழுமையானது, சரியானது என்று எழுதி, பெயர், முகவரி, தேதியோடு கையெழுத்திட்டால் போதும். நோட்டரி வேண்டாம், வெளிநாட்டில் காட்டுவதற்காக அரசு போடும் அப்போஸ்டில் முத்திரையும் வேண்டாம். அப்போஸ்டில் கட்டாயம் என்று சொல்லி ஒரு ஏஜென்ட் எங்களிடமே பெரிய தொகை கேட்டார். அமெரிக்காவுக்குள் இருந்து விண்ணப்பிப்பவருக்கு ஊர்ப் போலீஸ் சான்றும் தேவையில்லை. மும்பை வழியாகப் போகிறவர்களுக்குத்தான் அது. இரண்டுக்கும் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்தது பெயர். இனிஷியல் போட்டு வாழ்கிற நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் நம் பெயர் குடும்பப் பெயர் ஆகிவிடும், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியாது) என்று மூன்று எழுத்து வந்து உட்காரும். கல்லூரிப் பதிவில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்பில் எஸ். என்ற இனிஷியலோடு ஒரு மாதிரி. படிவங்களில் "வேறு பெயர்கள்" கேட்கும் இடத்தில் இத்தனையையும் ஒன்று விடாமல் எழுதுங்கள். கல்யாண லைசென்ஸில் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுதச் சொல்லுங்கள்.

படிவங்கள்: கணவர் போடும் ஐ-130, அதோடு மனைவி கையெழுத்திடும் ஐ-130ஏ, மனைவி போடும் ஐ-485, வேலை அனுமதிக்கு ஐ-765, வெளிநாடு போய்வரும் முன் அனுமதிக்கு ஐ-131, மனைவியின் செலவுக்குக் கணவர் பொறுப்பேற்கும் ஐ-864, மருத்துவப் பரிசோதனைக்கு ஐ-693. குடிமகனின் மனைவி எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்பலாம். 2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி, தாளில் அனுப்பினால் ஐ-130க்கு 675 டாலர், ஐ-485க்கு 1,440, ஐ-765க்கு 260, ஐ-131க்கு 630. அனுப்புகிற அன்று குடியேற்றத் துறையின் தளத்தில் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். கட்டணம் தப்பாக இருந்தால் கட்டு அப்படியே திரும்பி வரும்.

ஐ-864க்காக நிலப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரும் அப்பாக்களுக்கு: உங்கள் நிலம் இதில் கணக்கில் வராது. மாப்பிள்ளையின் வருட வருமானம் அமெரிக்க வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். இரண்டு பேர் குடும்பத்துக்கு 2025இல் அது 26,437 டாலர். குறைந்தால் அங்கே இருக்கும் இன்னொரு குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ கூட்டாகப் பொறுப்பேற்கலாம்.

மருத்துவப் பரிசோதனையைக் குடியேற்றத் துறை அங்கீகரித்த டாக்டரிடம்தான் செய்ய வேண்டும். 2024 டிசம்பரிலிருந்து டாக்டர் ஒட்டித் தரும் ஐ-693 உறையை ஐ-485உடனேயே அனுப்பியாக வேண்டும். சின்ன வயசுத் தடுப்பூசி அட்டையைத் தேடி அனுப்புங்கள், போட்ட ஊசியையே மறுபடி போட வேண்டியிருக்காது. டிபிக்கு ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். நமக்கெல்லாம் பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. ஊசி அந்தப் பரிசோதனையைப் பாதிக்காது. பாசிட்டிவ் வந்தால் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அதற்காகப் பதற வேண்டாம்.

அனுப்பியபின் ரசீது வரும், கைரேகைக்குக் கூப்பிடுவார்கள், பிறகு வேலை அனுமதி வரும், கடைசியில் நேர்காணல். வேலை அனுமதி கையில் வரும் முன் வேலைக்குப் போகக் கூடாது. முன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுக் கிளம்பினால் ஐ-485ஐக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். இந்தக் காலத்தில் தாத்தா பாட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் இருப்பவர்கள்தான் உறுதியாக இருக்க வேண்டும். "வராதே, நாங்க பார்த்துக்கிறோம்" என்று நீங்கள் சொன்னால்தான் அந்தப் பிள்ளை அங்கே நிம்மதியாக இருக்கும். அவசர முன் அனுமதிக்கு வழி உண்டு, ஆனால் ஸ்டேட்டஸ் போனவர் வக்கீலைக் கேட்காமல் அதையும் நம்பிக் கிளம்பக் கூடாது.

வக்கீல் அவசியமா என்று கேட்கிறார்கள். ஸ்டேட்டஸ் போனவருக்கு அவசியம். விண்ணப்பம் போட்டதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. 2025 பிப்ரவரியில் வந்த கொள்கைப்படி, விண்ணப்பம் மறுக்கப்பட்டு ஸ்டேட்டஸும் இல்லையென்றால் குடியேற்ற நீதிமன்றத்துக்கு வரும்படி நோட்டீஸ் வரலாம். அமெரிக்காவில் உரிமம் பெற்ற வக்கீலாக இருக்க வேண்டும். சென்னை ஏஜென்டும் போதாது, என் கடையும் போதாது.

நேர்காணலில் பார்ப்பது கல்யாணம் உண்மையா என்பதைத்தான். இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ், சேர்ந்து தாக்கல் செய்த வரிக் கணக்கு. பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லலாம். நிச்சயதாம்பூலப் படம், பத்திரிகை, சம்பந்திகள் பேசிக்கொண்ட வாட்ஸ்அப் செய்தி எல்லாம் சாட்சிதான். பதிலை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். கார்டுக்காக மட்டும் பொய்க் கல்யாணம் செய்தது தெரிந்தால், பின்னால் வேறொருவரை நிஜமாகவே கட்டினாலும் மனு தேறாது.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். "நான் மனுவை வாபஸ் வாங்கிடுவேன்" என்று கணவர் மிரட்டி அடித்தால், அவள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. கணவருக்குத் தெரியாமலே ஐ-360 படிவத்தில் தானே மனுப் போட்டுக்கொள்ளச் சட்டம் இருக்கிறது. மனைவியால் கொடுமைப்படும் ஆணுக்கும் அது பொருந்தும். "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்வதற்கு முன் இதைச் சொல்லுங்கள்.

கார்டு கிடைக்கும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகவில்லையென்றால் இரண்டு வருஷக் கார்டுதான் தருவார்கள். அது முடிவதற்கு முந்தின 90 நாளுக்குள் அதை நிரந்தரக் கார்டாக்கும் ஐ-751 மனுவை இருவரும் சேர்ந்து போட வேண்டும். தவறினால் கார்டு போய்விடும், அதனால் போனிலும் காலண்டரிலும் குறித்து வையுங்கள். கார்டு வந்த பிறகு ஊருக்கு வரலாம், பாடலீஸ்வரர் கோயிலில் மாலை மாற்றலாம். ஒரேயடியாக ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்காமல் திரும்பிவிடுங்கள். குடிமகனோடு சேர்ந்து வாழ்பவர் மூன்று வருஷத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கணக்கையும் பார்ப்பார்கள்.